ஆர்க்கிட் தொட்டியில் மண்

ஜனவரி 12

மருமகளுக்கு,

இப்படி ஆரம்பிக்கலாமான்னு தெரியலை. வேற எப்படி ஆரம்பிக்கிறதுன்னும் தெரியலை. கோர்ட்டுல கையெழுத்துப் போட்டு ஒரு வருஷம் ஆகப்போகுது, இன்னும் என்ன மருமகள்னு நீ கேக்கலாம். கேளு. அதுக்கு என்கிட்ட பதில் இருக்கு, அப்புறமா சொல்றேன்.

போன் பண்ணலாம்னுதான் முதல்ல நினைச்சேன். போன்னா நான் ஒண்ணு சொல்ல, நீ ஒண்ணு சொல்ல, பாதியிலேயே வெச்சிடுவே. கடிதாசின்னா திட்டிக்கிட்டாவது கடைசி வரைக்கும் படிப்பே.

விஷயம் இதுதான். பால்கனியில நீ விட்டுட்டுப் போன அஞ்சு ஆர்க்கிட் தொட்டியும் கிடக்கிற கிடையைப் பாத்தா வயித்தெரிச்சலா இருக்கு. ரெண்டு சுத்தமாப் போயிடுச்சு. மிச்சம் மூணுல இலையெல்லாம் தொங்கி, சுருக்கம் விழுந்து, என் கைத்தோல் மாதிரி ஆயிடுச்சு. நான் கவனிக்காம விட்டேன்னு நினைக்காதே தாயே. நீ போன மறு வாரமே அந்தக் கரித்துண்டையும் மரப்பட்டையையும் கொட்டிட்டு, நல்ல கறுப்பு மண்ணு வாங்கி, எரு கலந்து, தொட்டி நிறையப் போட்டேன். நாலு வருஷமா அதுங்களைப் பட்டினி போட்டு வெச்சிருந்தியேன்னு எனக்கு மனசே கேக்கலை. வெளியில கன்னாபின்னான்னு நீட்டிக்கிட்டிருந்த வேரையெல்லாம் கத்திரிச்சு, பாக்க லட்சணமா ஆக்கினேன். காலையில ஒரு சொம்புத் தண்ணி, சாயங்காலம் ஒரு சொம்பு. நாலு மாசம் இந்த உபசாரம் நடந்துச்சு. ஒரு பூவாவது? ஒண்ணும் கிடையாது. எனக்குக் கோபம் வந்துடுச்சு, செடி மேல இல்லை, உன் மேலதான். அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போகலை.

இப்ப எதுக்கு இதெல்லாம்னா, நம்ம துரைக்கு மறுபடியும் கல்யாணம் முடிவாயிருக்கு. பெத்த புள்ளையைத் துரைன்னு எழுதுறேன்னு சிரிக்காதே, நீ கூப்பிட்டது எனக்கும் ஒட்டிக்கிச்சு. மே மாசம் கல்யாணம். ஊரார் சொல்லி உன் காதுக்கு வர்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும்னு தோணுச்சு. அவ வர்றதுக்குள்ள பால்கனியைக் காலி பண்ணும்மாங்கிறான். ஒரு தொட்டியைத் தூக்கிக்கிட்டுக் குப்பைக்கூடை வரைக்கும் போயிட்டேன். கை வரலை.

ஒண்ணையாவது உயிரோட உன் கையில குடுத்துடணும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். வந்து எடுத்துக்கிறியா? இல்லை, என்ன பண்ணணும்னு எழுதுறியா?

அத்தை


ஜனவரி 23

உங்க லெட்டர் கிடைச்சுது. கல்யாண விஷயத்தை நீங்களே சொன்னதுக்கு நன்றி. எனக்கு அதுல வருத்தம் எதுவும் இல்லை.

அந்த வீட்டுக்கு நான் வர மாட்டேன். செடிகளைத் தூக்கிப் போட்டுடுங்க.

இதோட முடிச்சு கவருக்குள்ள வெச்சிட்டேன். ஒட்ட மனசு வரலை. லேப்ல உக்காந்து பல் செட்டுக்கு மெழுகு செதுக்கும்போதெல்லாம் ஒரே நினைப்பு. மண்ணா? ஆர்க்கிட்டுக்குப் போய் மண்ணா போட்டீங்க? எருவும் கலந்தா?

அது மண்ணுல வளர்ற செடி இல்லை. காட்டுல மரக்கிளையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கும். வேருக்குக் காத்து வேணும். அசிங்கமா நீட்டிக்கிட்டிருந்ததுன்னு வெட்டினீங்களே, அந்த வேரை வெச்சுத்தான் அது குடிக்கும், மூச்சு விடும். நான் எதையும் பட்டினி போடலை.

இலை பச்சையா இருக்கிற மூணையும் தொட்டியிலேர்ந்து எடுங்க. வேரை ஓடுற தண்ணியில மண்ணு போகக் கழுவுங்க. ஒவ்வொரு வேரையும் ரெண்டு விரலால அமுக்கிப் பாருங்க. கெட்டியா இருந்தா நல்ல வேர். கொழகொழன்னு இருந்தா அழுகினது, இரக்கமே பாக்காம வெட்டிடுங்க. கத்திரியை முதல்ல நெருப்புல காட்டணும். வெட்டின எடத்துல சமையல் பட்டையைப் பொடி பண்ணித் தொட்டு வைங்க, அழுகல் பரவாது. ஒரு நாள் அப்படியே காயட்டும். அதுக்கப்புறம் மரப்பட்டைத் துண்டுல வைங்க. அந்த மரப்பட்டையை முந்தின நாளே ஊறப் போட்டு வடிச்சுக்கணும். பெரிய தொட்டி கூடாது. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா போதும், வெளியிலேர்ந்து வேர் தெரியிற மாதிரி இருக்கணும்.

ஒரு வேர் கூட இல்லைன்னா விட்டுடுங்க. மெனக்கெட வேண்டாம்.


பிப்ரவரி 9

மருமகளுக்கு,

உன் லெட்டர் வந்துச்சு. தலைப்புல ஒரு அத்தைன்னு இல்லை, அம்மான்னு இல்லை. கரண்ட் பில்லு கட்டலைன்னு வர்ற நோட்டீஸ்ல கூட 'மதிப்பிற்குரிய'ன்னு ஒரு வார்த்தை இருக்கும். சரி, போகட்டும்.

நீ எழுதினபடியே எல்லாம் செஞ்சேன். கூடத்துல பேப்பரை விரிச்சு உக்காந்துட்டேன். முதல் தொட்டியைக் கவுத்தேன் பாரு, குடலைப் புடுங்குற நாத்தம்! வேரைத் தொட்டா தோலு உருவிக்கிட்டு கையோட வருது, உள்ள நூலு மாதிரி ஒண்ணு மட்டும் நிக்குது. ரெண்டாவதும் அதே கதை. மரம் வெச்சவன் தண்ணி ஊத்துவான்னு சொல்லுவாங்க. இங்க வெச்சவ ஒருத்தி, ஊத்தினவ இன்னொருத்தி. வேற எப்படி இருக்கும்?

மூணாவதுலதான் ரெண்டு வேர் கெட்டியா இருந்துச்சு. உன் லெட்டரைப் படிக்கிறது, அமுக்கிப் பாக்குறது, மறுபடியும் படிக்கிறது. கடைசியில கெட்டிதான்னு தெரிஞ்சதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அந்நேரம் பாத்துத் துரை உள்ள வந்தான். "என்னம்மா, குப்பையைக் கூடத்துல போட்டு ஆபரேஷன் பண்றே?"ன்னான். "டாக்டர் வேலை செய்யிற எடத்துல உனக்கு என்னடா சோலி, போடா"ன்னேன்.

அந்த ஒண்ணை மட்டும் டப்பாவுல வெச்சிருக்கேன். கோந்து டப்பா மாதிரி இத்துனூண்டு. அதுக்கு அது போதும்னு நீ சொன்னா சரி.

பதில் இருக்குன்னு சொன்னேன் இல்லையா, அதைச் சொல்லிடறேன். அந்தக் கோர்ட்டுப் பேப்பரை எடுத்து முழுசாப் படிச்சேன். அவன் பேரு இருக்கு, உன் பேரு இருக்கு. என் பேரு எங்கேயும் காணோம். நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சீங்க, அது உங்க பாடு. நான் எங்கே கையெழுத்துப் போட்டேன்?

அப்புறம், நீ செஞ்சு குடுத்த கீழ்வரிசைப் பல்லு லேசா ஆடுது. நீ போன புதுசுல அதே பல்லை மாட்டிக்கிட்டுத்தான் உன்னை நாள் பூராத் திட்டினேன். ஒரு வார்த்தை வழுக்கலை, அவ்வளவு கச்சிதம். வேற எடத்துல காட்டச் சொல்றான் துரை. எனக்கு இஷ்டமில்லை.

அத்தை


மார்ச் 2

கோர்ட்டுப் பேப்பர் பத்தி நீங்க எழுதினதுக்கு எனக்குப் பதில் தெரியலை. யோசிக்கணும்.

செடியைப் பத்தி மட்டும் எழுதுறேன். வெயில் நேரா விழாத, வெளிச்சம் இருக்கிற எடத்துல வைங்க. வேரைப் பாருங்க. வெள்ளி மாதிரி வெளுத்திருந்தா தாகம், பச்சையா இருந்தா தண்ணி வேண்டாம். குருத்துல தண்ணி நிக்கவே கூடாது, நின்னா அழுகிடும். உரம், எரு, அரிசி கழுவின தண்ணி, உங்க அன்பு, எதையும் ஊத்தாதீங்க.

முக்கியமா அதைத் தொடாதீங்க. தினமும் டப்பாவைத் தூக்கிப் பாக்குறீங்க, பட்டையைக் கிளறி வேர் வந்துச்சான்னு தேடுறீங்க. நான் பாக்கலைன்னாலும் எனக்குத் தெரியும்.

எப்படித் தெரியும்னா, அந்த வீட்டுல நான் கதவைச் சாத்தினா அஞ்சு நிமிஷத்துல தட்டுவீங்க. தலைவலியா, காப்பி போடட்டுமா, அவனோட சண்டையா, எதுக்குச் சாத்தியிருக்கே? நல்ல மனசோடதான் கேப்பீங்க, அதுதான் கஷ்டம். கோபப்படவும் முடியாது. பால்கனியில செடிகிட்ட நின்னா மட்டும்தான் வேலையா இருக்கான்னு விட்டுடுவீங்க. அதனாலதான் ஒரு தொட்டி அஞ்சு தொட்டி ஆச்சு. எனக்கு ஆர்க்கிட் மேல அவ்வளவு பைத்தியம் ஒண்ணும் கிடையாது.


ஜூன் 5

மருமகளுக்கு,

உன் லெட்டரைப் படிச்சிட்டு ரெண்டு நாள் உன்னை நல்லாத் திட்டினேன். மூணாவது நாள் டப்பாவைப் பால்கனியில வெச்சு, கதவைச் சாத்தி, உள்ள வந்து உக்காந்தேன். தண்ணி ஊத்துற நாளு தவிர அந்தப் பக்கம் போறதில்லை. கண்ணாடி வழியாப் பாக்குறது மட்டும்தான். பாக்கக் கூடாதுன்னு நீ எழுதலையே! ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்காதாம்மா. பொறுத்தேன்.

கல்யாணம் முடிஞ்சுது. ஆடம்பரம் ஒண்ணும் இல்லை, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு, வீட்டுல சாப்பாடு. புதுசா வந்த மருமகள் கணக்கு டீச்சர். அதிகம் பேச மாட்டா. வந்த மறுநாள் பால்கனியில நின்னு, "இது யாரோட செடி?"ன்னு கேட்டா. துரை திருதிருன்னு முழிச்சான். "என் மூத்த மருமகளோடது"ன்னு நான் சொன்னேன். "அப்ப இருக்கட்டும்"னா. நல்ல பொண்ணுதான்.

இப்ப கேளு, முக்கியமான சேதி. புது இலை ஒண்ணு வந்திருக்கு, நாக்கு மாதிரி நீட்டிக்கிட்டு. அது பெரிசில்லை. இலை இடுக்குலேர்ந்து பச்சையா இன்னொண்ணு எட்டிப் பாக்குது. வேரா இருக்குமோன்னு சந்தேகப்பட்டேன். இல்லை! மேல் நோக்கிப் போகுது, நுனியில முடிச்சு முடிச்சா இருக்கு. பூத்தண்டுடி! மேல் வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காமிச்சேன், பால்காரரைக் கூப்பிட்டுக் காமிச்சேன், தெருவுல பாதிப் பேருக்குத் தெரியும். செத்துப் போச்சுன்னு எல்லாரும் சொன்ன செடி, என் கையால பூக்கப் போகுது.

பூ விரிஞ்சதும் டப்பாவோட மடியில வெச்சு பஸ்ஸுல கொண்டாந்து உன் கையில குடுக்கிறேன். வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதே.

அத்தை


ஜூன் 16

தண்டை வெட்டிடுங்க.

படிச்ச உடனே கோபம் வரும். கொஞ்சம் பொறுத்து மிச்சத்தையும் படிங்க. ரெண்டு வேரை வெச்சுக்கிட்டு ஒரு செடி பூக்கப் பாக்குதுன்னா அது தேறிடுச்சுன்னு அர்த்தமில்லை. செத்துடுவோமோங்கிற பயத்துல, போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பூத்துடப் பாக்கும். இருக்கிற சத்து எல்லாத்தையும் அந்தத் தண்டுக்கே குடுத்துடும். பூ வரும், நல்லாவே வரும், எல்லாரும் வந்து பாத்துட்டுப் போவாங்க. அப்புறம் செடி இருக்காது. இப்ப வெட்டினா இந்த வருஷம் பூ இல்லை. அடுத்த வருஷமும் இல்லாம போகலாம். செடி இருக்கும்.

இதோட நிறுத்தலாம்னுதான் இருந்தேன். நிறுத்தினா நான் எழுதுறதுல அர்த்தமே இல்லை.

ரெண்டாவது தடவையும் கலைஞ்சு நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னிக்கு, கதவைத் திறந்ததும் நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா? "கவலைப்படாதே, ஆறு மாசத்துல அடுத்தது தங்கிடும்." ஆறுதலாத்தான் சொன்னீங்க. எனக்கு அப்ப மாடிப்படி ஏறவே தெம்பு இல்லை. அதுக்கப்புறம் வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் "ஏதாவது விசேஷம் உண்டா?"ன்னு கேட்டாங்க. நீங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் "சீக்கிரமே"ன்னு சொன்னீங்க. ஒரே ஒருத்தர்கிட்டயாவது "அவளுக்கு உடம்பு முடியலை, அந்தப் பேச்சை விடுங்க"ன்னு சொல்லுவீங்கன்னு நான் காத்துக்கிட்டே இருந்தேன். அவரும் சொல்லலை, நீங்களும் சொல்லலை. அவர் சொல்லாததுக்குத்தான் கோர்ட்டுக்குப் போனேன். நீங்க சொல்லாததுக்கு எங்கே போறதுன்னு எனக்குத் தெரியலை.

கத்திரியை நெருப்புல காட்டிட்டு, அடியில கொஞ்சம் விட்டு வெட்டுங்க. வெட்டின எடத்துல பட்டைப்பொடி வைங்க.


ஜூலை 8

மருமகளுக்கு,

வெட்டிட்டேன்.

உன் லெட்டர் வந்த உடனே வெட்டலை. கத்திரியை எடுக்கிறதும் வைக்கிறதுமா நாள் போச்சு. தண்டு பாட்டுக்கு ஒரு விரல் நீளம் வளந்து நிக்குது. ஊரைக் கூட்டிக் காமிச்ச பூவை நானே எப்படி வெட்டுறது? இவளுக்கு என்ன தெரியும், பொறாமைன்னு கூட ஒரு நாள் நினைச்சேன். நினைச்சதைச் சொல்லிட்டேன், திட்டிக்கோ.

போன ஞாயித்துக்கிழமை என் அக்கா வந்திருந்தா. அவளைத்தான் உனக்குத் தெரியுமே, செருப்பைக் கழட்டும்போதே கேள்வியை ஆரம்பிச்சிடுவா. புதுப்பொண்ணு காப்பி கொண்டாந்து வெச்சுது. "ஏதாவது விசேஷம் உண்டா?"ன்னு அக்கா கேட்டா. கல்யாணம் ஆகி ரெண்டு மாசம்! அந்தப் பொண்ணு தட்டைக் கையில வெச்சுக்கிட்டு என்னைப் பாத்துது. எங்க அக்காவைப் பாக்கலை, என்னைப் பாத்துது.

"சீக்கிரமே"ங்கிற வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. பழக்கம். அப்படியே முழுங்கினேன். "அக்கா, இந்த வீட்டுல இனிமே அந்தக் கேள்வி கிடையாது. காப்பி ஆறுது, குடி"ன்னேன். அக்கா மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே! மிச்சக் காப்பியைக் குடிக்காமலே கிளம்பிட்டா. போகட்டும். அவளுக்குக் கோபம் ஒரு மாசத்துக்கு மேல தாங்காது.

அவ தெருமுனை தாண்டினதும் நேரா பால்கனிக்குப் போனேன். புதுப்பொண்ணு தீக்குச்சி கிழிச்சுப் பிடிச்சா, நான் கத்திரியைக் காட்டினேன். வெட்டினேன். பட்டைப்பொடி வெச்சேன். அப்புறம் அங்கேயே நின்னு அழுதேன், நல்லாவே அழுதேன். எதுக்குன்னு அவ கேக்கலை. உள்ள போய் எனக்கு ஒரு நாற்காலி கொண்டாந்து போட்டா.

அன்னிக்கு அக்காகிட்ட ஒரு மூச்சுல சொல்லிட்டேன். சொல்றதுக்கு ஒண்ணும் கஷ்டமா இல்லைம்மா. அதுதான் எனக்குத் தாங்கலை.

அத்தை


அக்டோபர் 19

மருமகளுக்கு,

நீ பதில் போடலை. போட வேண்டாம். ஆனா இதைச் சொல்லாம இருக்க முடியலை.

வேர் விட்டிருக்கு. புதுசா மூணு. ஒண்ணு டப்பாவுக்குள்ள, ரெண்டு வெளியில, காத்துல நீட்டிக்கிட்டு. நுனி இளம்பச்சையா, கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு. கத்திரியை அலமாரிக்குள்ள வெச்சுப் பூட்டிட்டேன், பயப்படாதே.

பூ இல்லை. யாரும் பாக்க வர்றதில்லை. பால்காரர் மட்டும் "என்னம்மா, பூக்கலையா?"ன்னார். "உடம்பு தேறட்டும், என்ன அவசரம்?"னு சொன்னேன்.

செடி பிழைச்சிடுச்சு. இதை உன்கிட்ட எப்படிச் சேர்க்கிறதுன்னு மட்டும் ஒரு வரி எழுது. கீழ்ப்பல்லு இப்ப பேசினா குதிச்சு வெளியில வந்துடுது. பேச்சைக் குறைச்சிருக்கேன். வீட்டுல எல்லாரும் எனக்கு உடம்பு சரியில்லைன்னு நினைக்கிறாங்க.

அத்தை


நவம்பர் 3

அத்தைக்கு,

நான் பதில் போடாம இருந்தது கோபத்துல இல்லை. உங்க ஜூலை லெட்டர் என் பையிலேயேதான் இருக்கு. லேப்ல சாப்பாட்டு நேரத்துல எடுப்பேன், அந்தத் தீக்குச்சி வர்ற எடம் வரைக்கும் படிப்பேன், மடிச்சு வெச்சிடுவேன். பக்கத்து மேஜைக்காரர், "யாருங்க, காதலனா?"ன்னு கேட்டார். "எங்க அத்தை"ன்னேன். சொன்னதுக்கப்புறம்தான் நான் என்ன சொன்னேன்னு எனக்கே உறைச்சுது. கோர்ட்டுப் பேப்பர் பத்தி நீங்க கேட்டதுக்கு அதுதான் என் பதில்னு நினைக்கிறேன்.

செடியைக் கொண்டு வர வேண்டாம். இப்பத்தான் வேர் விட்டிருக்கு, எடம் மாத்தினா மறுபடி சுணங்கிடும். அது அங்கேயே இருக்கட்டும். உங்க வீட்டுக்குப் புது மருமகளா வந்திருக்கிறவங்களுக்கும் நிக்கிறதுக்கு அந்தப் பால்கனி வேணும். அவங்க அங்க நிக்கும்போது கூப்பிடாதீங்க. பூத்தா எழுதுங்க. பூக்கலைன்னாலும் எழுதுங்க.

நீங்க மட்டும் வாங்க. சனிக்கிழமை மதியம் லேப்புக்கு வந்துடுங்க. மாடி ஏற வேண்டாம், கீழே டாக்டர் ரூமைக் கேட்டு வெச்சிருக்கேன், அவரும் கூட இருப்பார். பழைய பல்லையே சரி பண்ணிடலாம். அடியில பசை மாதிரி ஒண்ணு தடவி வாயில மாட்டுவோம். அது இறுகிற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு, வாயைத் திறக்காம, ஒரு வார்த்தை பேசாம உக்காந்திருக்கணும். பேசினீங்கன்னா அளவு கெட்டுப் போயிடும். உங்களுக்குக் கஷ்டம்தான், வேற வழியில்லை.

அந்த நேரம் பூராவும் நான் பேசப் போறேன்.